ஆஸ்பத்திரிக்கு ஒரு நீலக் கவுன்

ஆஸ்பத்திரிக்குப் போகிறவள் எவளாவது லிப்ஸ்டிக் போடுவாளா? இமானி போட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் விடிந்திருந்தது. தை மாதத்துப் பனியில் எதிர்வீட்டுக் கூரைகூடத் தெரியவில்லை. மாடி அறைக்குக் காப்பி கொண்டுபோன சலீமா கதவருகிலேயே நின்றுவிட்டாள். இமானி கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். சர்ச்சுக்குப் போகும்போது மட்டும் போடுகிற நீலக் கவுன், அதில் வெள்ளைக் காலர், ஒரு காதில் முத்துத் தோடு. இன்னொரு தோடு காதுத் துளையில் ஏறாமல் நழுவிக்கொண்டே இருந்தது. நெற்றி வியர்த்திருந்தது. அந்தக் குளிரில் வியர்வை!

"எங்க கண்ணு கெளம்பிட்ட, இந்நேரத்துல?"

"ஆஸ்பத்திரி, அக்கா. வலி. கால், முதுகு, எல்லாம். நேத்து சாயந்திரம் இருந்து."

"நேத்து சாயந்திரத்துல இருந்தா? கீழதான நான் படுத்துக் கெடந்தேன். ஒரு கொரலு குடுக்கக் கூடாதா?"

"மாத்திரை போட்டேன். போகும்னு நினைச்சேன்."

சலீமாவுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. ராத்திரி முழுக்க வலித்ததாம், இப்போது உட்கார்ந்து உதட்டுக்குச் சாயம் பூசுகிறாளாம். இதென்ன கூத்து? ஆனால் தோட்டை வாங்கி அவளே மாட்டிவிட்டாள். காது மடல் நெருப்பாய்ச் சுட்டது. மேசையில் இருந்த தண்ணீர்ச் சொம்பை நீட்டியதும் இமானி அதை இரண்டு கையாலும் பிடித்து மூச்சுவிடாமல் குடித்து முடித்தாள். அதைப் பார்த்தபோதுதான் சலீமாவுக்கு முந்தின நாள் ஞாபகம் வந்தது.

இமானி அமெரிக்காக்காரி. பால்டிமோர் என்ற ஊர். ஏற்காட்டில் ஒரு போர்டிங் பள்ளிக்கூடத்துக்குப் பாட்டு டீச்சராகப் போன ஜூனில் வந்து, அதற்குள் ஓரளவு தமிழும் கற்றுக்கொண்டவள். கறுப்பி. இந்த ஊரில் அப்படிச் சொல்ல யாருக்கும் நாக்குக் கூசியதில்லை, அவள் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். "ரூம் வாடகைக்கு" என்று போர்டு தொங்கிய வீடுகளில் எல்லாம், இவள் போய் நின்றதும், இப்பத்தான் ஆள் வந்துட்டாங்க என்றார்கள். அதைக் கேள்விப்பட்ட அன்றே சலீமா தன் ஹோம்ஸ்டேயின் மாடி அறையைத் திறந்துவிட்டாள். ஊரே வடக்கே போனால் தெற்கே போகிற பிறவி அவள். "ஈமான்னு நம்ம மார்க்கத்துப் பேரா வெச்சிருக்கா, நம்ம புள்ள மாதிரி," என்று கணவர் நூர் முகமதுவின் வாயை அடைத்தாள். ஏரிப் பக்கம் கம்பளித் தொப்பி விற்கிற அந்த மனிதர், அவள் பேச்சுக்கு எதிர்ப்பேச்சுப் பேசி ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை.

வந்த முதல் நாளே இமானி தன் நோயைச் சொல்லியிருந்தாள். பிறவியிலேயே வருவது. ரத்தத்தில் இருக்கிற சிவப்பணு உருண்டையாக இருக்காமல் அரிவாள் மாதிரி வளைந்துகொள்ளும், குழாய்க்குள் சிக்கி அடைத்துக்கொள்ளும். அடைத்த இடத்தில் எலும்பை உடைக்கிற மாதிரி வலி. அவள் ஊரில் கறுப்பு மக்களுக்குத்தான் இது அதிகம். குளிர் ஆகாது, தண்ணீர் குடிக்காமல் இருக்கவும் ஆகாது. சலீமா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, ரத்த சோகைதானே என்று பேரீச்சம்பழமும் பீட்ரூட் பொரியலுமாகப் போட்டுத் தள்ளினாள்.

முந்தின நாள் மாரமங்கலத்தில் கல்யாணம். ஹோம்ஸ்டேயில் வேலை செய்கிற ஆராயியின் மகளுக்கு. பஸ்ஸில் போய், இறங்கி, பனியில் நடக்க வேண்டும். வெளியூர் போகிற பெண்பிள்ளை தண்ணீரைத் தொடக்கூடாது என்பது இந்தப் பக்கம் எழுதாத சட்டம். வழியில் ஒதுங்க ஒரு மறைப்பு கிடையாது. சட்டசபையில் போட்ட சட்டத்தைக்கூட மீறுவார்கள், இதை எந்தப் பெண்ணும் மீறியதில்லை. பஸ் ஸ்டாண்டில் இமானி பாட்டிலைத் திறந்தபோது சலீமாதான் அதைப் பிடுங்கிப் பைக்குள் போட்டாள். "அங்க ஒதுங்க எடம் இருக்காது கண்ணு. ஊட்டுக்கு வந்து குடிச்சுக்கலாம்." இமானி ஒரு நிமிடம் யோசித்தாள். அப்புறம் சரி என்றுவிட்டாள். முன்பொரு முறை ரோட்டோரம் ஒதுங்கப்போய், அவளை வேடிக்கை பார்க்க செல்போனோடு ஒரு கூட்டமே கூடியிருந்தது. அதை மறக்க அவளால் முடியவில்லை.

திரும்புகிறபோது பஸ் வரவில்லை. குளிர்காற்றில் நெடுநேரம் நின்றார்கள். இப்போது காலிச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு, நாம்தான் இதைச் செய்தோம் என்று சலீமாவுக்கு விளங்கியது. செருப்பால் அடிக்க வேண்டும், முதலில் என்னை, அப்புறம் பெண்களுக்கு ஒரு கழிப்பறை கட்டத் துப்பில்லாத இந்த ஊரை என்று பல்லைக் கடித்தாள். போட்டிருந்த நைட்டியோடு துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டு ஜெப்சனை எழுப்பப் படியிறங்கி ஓடினாள்.

ஜெப்சனின் ஜீப்புக்கு இரண்டு பக்கமும் தார்ப்பாய்தான். இமானியைக் கம்பளியில் சுற்றி நடுவில் உட்கார வைத்தார்கள். ஒவ்வொரு குழிக்கும் அவள் உடம்பு விறைத்தது, வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை.

"இந்த அலங்காரமெல்லாம் எதுக்கு கண்ணு?" என்று சலீமா கேட்டேவிட்டாள்.

இமானி தமிழை விட்டுவிட்டு இங்கிலீஷில் சொன்னாள். டூரிஸ்டுகளிடம் பேசிப் பழகிய சலீமாவுக்கு அது புரிந்தது. இமானிக்கு டெவான் என்று ஒரு அண்ணன் இருந்தான். அவனுக்கும் இதே நோய். ஒரு குளிர்காலத்தில் படுத்திருந்த பனியனோடு, வலியில் அலறிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். என்ன போதை ஏற்றிக்கொண்டு வந்தாய் என்று கேட்டார்கள். காவலாளியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தினார்கள். நாற்காலியில் காத்திருக்கச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் அவன் அடங்கிப்போனான், போதையில் தூங்குகிறான் என்று விட்டுவிட்டார்கள். முறை வந்து பேர் சொல்லிக் கூப்பிட்டபோது அவன் எழுந்திருக்கவில்லை. வலி நெஞ்சுக்கு ஏறியிருந்திருக்கிறது. நெஞ்சுக்கு வந்துவிட்டால் அப்புறம் நேரம் கிடையாது.

"அன்னையிலிருந்து எங்க அம்மா ஒரு சட்டம் போட்டாங்க," என்றாள் இமானி. ஆஸ்பத்திரிக்கு சர்ச்சு உடுப்பில்தான் போக வேண்டும். தலை வாரியிருக்க வேண்டும். என்ன உத்தியோகம் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எவ்வளவு வலித்தாலும் கத்தக் கூடாது. நம் ஆட்கள் கத்தினால் மிரட்டுகிறார்கள் என்பார்கள்.

"கத்தாம இருந்தா?"

"வலியே இல்லைன்னு சொல்வாங்க." இமானி சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்காமல் சலீமா தார்ப்பாய் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் வழக்கமாகப் போகிற நர்சிங் ஹோமுக்குத்தான் போனார்கள். டாக்டர் ஹரிஹரன் சேலத்திலிருந்து மேலே வந்து தங்கி வைத்தியம் பார்க்கிறவர். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. சலீமாவுக்குக் கல்லடைப்பு வந்தபோது பொறுப்பாய்ப் பார்த்துக் குணப்படுத்தியவர். அதுதான் பின்னால் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"நைஜீரியாவா?" என்றார்.

"அமெரிக்கா."

"இல்ல, பூர்வீகம்?"

"பால்டிமோர்," என்றாள் இமானி. அம்மா சொல்லிக்கொடுத்த வரிசைப்படி நிதானமாகச் சொன்னாள். இன்ன பள்ளியில் சங்கீத ஆசிரியை. சிக்கிள் செல். டிரிப்ஸ் வேண்டும், ஆக்சிஜன் வேண்டும், வலிக்கு ஊசி வேண்டும். மார்ஃபின் இங்கே இருக்காது என்று தெரியும், டிராமடால் போதும், என் எடைக்கு இத்தனை மில்லிகிராம். போனில் இருந்த அவளுடைய ஊர் ஆஸ்பத்திரிச் சீட்டையும் நீட்டினாள். டாக்டர் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். விரலில் ஆக்சிஜன் மிஷினை மாட்டினார். தொண்ணூற்றாறு காட்டியது.

"கறுத்த தோலுக்கு இந்த மிஷின் சில சமயம் கூடுதலாகக் காட்டும், டாக்டர்."

"ஓகோ, மிஷினும் பொய் சொல்லுதா?" என்றவர், சலீமாவைக் கதவுப் பக்கம் தனியாகக் கூப்பிட்டார். "ஏனுங்க, எத்தனை நாளா உங்க ஊட்டுல இருக்குது இது? மருந்து பேரு, அளவு வரைக்கும் ஒப்பிக்குது பாருங்க. சாதாரண ஆளுக்கு இதெல்லாம் தெரியுமா? பெங்களூருல இந்த மாதிரி ஆளுங்க என்ன பண்றாங்கன்னு பேப்பர்ல பாக்கறதில்லையா?"

"அவ பாட்டு டீச்சருங்க டாக்டரு. நேத்துலருந்து வலியில சாகறா."

"நல்லாப் பாத்துட்டுச் சொல்லுங்க. அவ்வளவு வலி இருக்கறவங்களுக்கு லிப்ஸ்டிக் போடத் தோணுமா?"

சலீமாவின் வாயை அடைத்தவர்கள் ஏற்காட்டில் இல்லை. ஆனால் இது அவளே விடியற்காலையில் நினைத்த நினைப்பு. டாக்டர் வாயிலிருந்து வரும்போது அது எவ்வளவு நாறுகிறது என்று தெரிந்தது. முகம் தீயாய் எரிந்தது.

லேப் ஆள் வந்ததும் ரத்தம் எடுக்கலாம், அதுவரை இந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெளியே உட்காரட்டும் என்றார் டாக்டர். "அந்த ஊசியெல்லாம் இங்க ஸ்டாக் இல்லீங்க."

சேலத்துக்கே கொண்டுபோய்விடலாம் என்று சலீமா 108-க்குப் போன் போட்டாள். ஆம்புலன்ஸ் ஒரு விபத்துக் கேஸோடு அடிவாரத்துக்கு இறங்கியிருந்தது, திரும்பி ஏறி வர நேரமாகும். ஜீப்பில் போனால் அத்தனை கொண்டை ஊசி வளைவிலும் அந்தக் காற்று நேராக நெஞ்சில் அடிக்கும். காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

வராந்தா பெஞ்சில் இமானி முதுகை வளைக்காமல், கைகளை மடியில் கோத்து, சர்ச்சில் உட்காருகிற மாதிரியே உட்கார்ந்திருந்தாள். எதிரே சளிக்கும் காய்ச்சலுக்கும் வந்த சனம். ஒரு பெண் தன் குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இவளாவது பரவாயில்லை, ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தோல் விஷயத்தில் அங்கிருந்த யாரும் பாலில் குளித்து வந்தவர்கள் இல்லை, டாக்டர் உட்பட. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். தனக்கு வந்தும் தெரியாத சனம் இது என்று சலீமா உள்ளுக்குள் பொரிந்தாள்.

நர்ஸ் இளவரசி தட்டோடு போகும்போது ஒரு முறை நின்று இமானியைப் பார்த்தாள். டாக்டர் அறையைப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள்.

இமானியின் மூச்சு சின்னதாகிக்கொண்டே வந்தது. அவள் சலீமாவின் கையைப் பிடித்தாள்.

"அக்கா. நெஞ்சு."

சலீமா கதவைத் தட்டாமலே உள்ளே போனாள். "டாக்டரு, நெஞ்சுல வலி வந்துருச்சுங்க. அவங்கண்ணன் இப்படித்தான் போயிருக்கான்."

"பதட்டம்ங்க. அவ்வளவுதான். நிமிந்துதான உக்காந்திருக்காங்க? வலியில இருக்கறவங்க அப்படியா உக்காருவாங்க?"

வெளியே வந்த சலீமா இமானியின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். "அழு கண்ணு. உனக்குக் கோடிப் புண்ணியமாப் போவுது, வாய்விட்டு அழு. அழுத புள்ளதான் பால் குடிக்கும். இந்தூர்ல அப்படித்தான்."

இமானி தலையை அசைத்தாள். உதட்டைக் கடித்த இடத்தில் சாயமும் ரத்தமும் ஒன்றாகியிருந்தன. "முடியாது, அக்கா. எனக்கு வராது."

சலீமா எழுந்தாள். துப்பட்டாவை இடுப்பில் சுற்றி இறுக்கினாள். டாக்டரின் கதவுக்கு நேராகப் போய், "யா அல்லா!" என்று ஒரே கூச்சலில் தரையில் விழுந்தாள்.

"அய்யோ, என்ற வயிறு! அய்யோ, உசுரு போவுதே! ஏனுங்க, யாராச்சும் வாங்களே!"

கல்லடைப்பு வலி எப்படியிருக்கும் என்று அவளுக்கு மனப்பாடம். புரண்டாள், காலை உதைத்தாள், தலைமயிரைப் பிய்த்துக்கொண்டாள். சாயம் போன நைட்டியும் வாராத தலையும் வேறு, பார்த்தவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை. பெஞ்சில் இருந்த சனம் மொத்தமும் ஓடி வந்தது. சிரித்தவள்கூட வந்து தலையைத் தாங்கினாள். டாக்டர் ஹரிஹரன் செருப்புப் போடாமல் வெளியே பாய்ந்தார்.

"பழைய கல்லுதான், மறுபடி வந்திருக்குது. தூக்குங்க, தூக்குங்க! இளவரசி, வலி ஊசி எடு!"

பேர் கேட்கவில்லை. பூர்வீகம் கேட்கவில்லை. விரலில் மிஷின் மாட்டவில்லை. பக்கத்து அறைக் கட்டிலில் கிடத்திய கையோடு இளவரசி ஊசியோடு வந்துவிட்டாள். மருந்துக் குப்பியை உடைத்து ஏற்றிக்கொண்டே, "கொஞ்சம் பொறுத்துக்குங்கக்கா, இதோ ஆச்சு," என்றாள்.

சலீமா அழுகையைச் சட்டென்று நிறுத்தினாள். "என்ன ஊசி கண்ணு இது?"

"டிராமடால்ங்கக்கா. வலி கேட்டுரும்."

சலீமா எழுந்து உட்கார்ந்தாள்.

"ஸ்டாக் இல்லைன்னீங்களே டாக்டரு?"

டாக்டரின் முகம் வெளுத்தது, அப்புறம் சிவந்தது. "என்னங்க இது? நடிச்சீங்களா? ஏமாத்தறீங்களா? போலீசக் கூப்பிடுவேன்."

"கூப்புடுங்க! நல்லாக் கூப்புடுங்க! எனக்கு ஒரு வலியும் இல்ல. வயிறு நல்லாத்தான் இருக்குது. பொய்யாக் கத்துனேன், கண்ணை மூடி முழிக்கறதுக்குள்ள ஊசி வந்துருச்சு. அங்க ஒருத்தி நெசமாச் செத்துக்கிட்டிருக்கா. நோய் பேரைச் சொன்னா, மருந்து பேரைச் சொன்னா, மரியாதையாச் சொன்னா. அவ சொன்ன மருந்து இதுதான! அவளுக்கு இல்ல, எனக்கு இருக்குதா? நான் என்ன படிச்சவளா, பட்டம் வாங்குனவளா? அவ தோலு உங்க கண்ணை மறைக்குதுங்க. வேற ஒரு மண்ணும் இல்ல!"

"மரியாதையாப் பேசுங்க."

"மரியாதையாப் பேசுனதுக்குத்தான அவளைப் பெஞ்சுல உக்கார வெச்சீங்க! அந்தப் புள்ள இங்க செத்தா, இதே எடத்துல உக்காந்து ஊரு பூராவும் கேக்கற மாதிரி கத்துவேன். என்ற தொண்டை எப்படின்னு இப்பப் பாத்தீங்கல்ல?"

டாக்டர் போடு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இளவரசி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஊசித் தட்டைத் தூக்கிக்கொண்டு, விறுவிறுவென்று வராந்தாவுக்கு நடந்தாள். சனம் விலகி வழிவிட்டது. சலீமா படுத்திருந்த கட்டிலில் இமானியைப் படுக்க வைத்தார்கள். டிரிப்ஸ் ஏறியது. ஆக்சிஜன் சிலிண்டரை டாக்டரே உருட்டிக்கொண்டு வந்தார். அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. சலீமாவும் அவருக்கு நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

ஆம்புலன்ஸ் வந்தது. முதல் வளைவு தாண்டும்வரை இமானி அப்படியே கிடந்தாள். இரண்டாவது வளைவில் வண்டி ஒடித்துத் திரும்பியபோது அவள் கத்தினாள். மலையே திரும்பிப் பார்க்கிற கத்தல். நேற்றிலிருந்து, பால்டிமோரிலிருந்து, அண்ணன் உட்கார்ந்திருந்த அந்த நாற்காலியிலிருந்து சேர்த்து வைத்ததெல்லாம் ஒரே நேரத்தில் வந்தது. கூட வந்த ஆம்புலன்ஸ் ஆள் பதறிப்போய், "என்னங்க, இப்பத்தான் வலி வந்துச்சா?" என்றார்.

"நேத்துலருந்து வலிக்குதுங்க. இப்பத்தான் கத்தறா." சலீமா இமானியின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "கத்து சாமி. நொம்ப நல்லாக் கத்து. யாரு வர்றான்னு நான் பாத்துக்கறேன்."

நுரையீரலில் அடைப்புத் தொடங்கிவிட்டிருந்தது என்று சேலத்தில் சொன்னார்கள். புது ரத்தம் ஏற்றினார்கள். இன்னும் கொஞ்சம் பொறுத்து வந்திருந்தால் என்று சொல்ல ஆரம்பித்த டாக்டரம்மா, சலீமாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பேச்சை முடிக்கவில்லை.

இமானி மெலிந்துபோய் ஏற்காடு திரும்பியபோது தை முடிந்திருந்தது. மறுநாள் காலையில் சலீமா மாடிக்குக் காப்பியோடு ஒரு பெரிய ஜாடித் தண்ணீரும் கொண்டுபோனாள். கதவுக்குப் பக்கத்து ஆணியில் அந்த நீலக் கவுன் தொங்கியது. இமானியே துவைத்து, வெள்ளைக் காலரை நீவிவிட்டு, கை எட்டுகிற உயரத்தில் மாட்டியிருந்தாள்.

"இது எதுக்கு கண்ணு இங்க?"

"அடுத்த தடவைக்கு, அக்கா."

அதை உருவிக் கொண்டுபோய் அடுப்பில் போடத்தான் சலீமாவுக்குக் கை துடித்தது. கண்ணில் நீர் முட்டியது, அதுவும் ஆத்திரத்தில்தான். இந்த ஊரில் போடாவிட்டாலும் அந்த ஊரில் போடாமல் இருக்க முடியுமா? அந்த ஊரை விடு, இந்த ஊர் மட்டும் என்ன ஒழுங்கு? அவள் கவுனை எடுத்துக்கொண்டு கீழே போனாள். இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி, பாவாடை மடிப்பு ஒவ்வொன்றையும் அழுத்தித் தேய்த்தாள். மேலே கொண்டுவந்து அதே ஆணியில் மாட்டினாள். அப்புறம் கக்கத்தில் இடுக்கியிருந்த தன் சாயம் போன நைட்டியை எடுத்து அதன் பக்கத்திலேயே தொங்கவிட்டாள்.

"நீ உன்ற கவுனைப் போட்டுக்கிட்டு மகராணியாட்டம் உக்காரு," என்றாள். "கத்தறதை நான் பாத்துக்கறேன். இப்பத் தண்ணியக் குடி."